ஹில்மா வாங்கிய பனிவாரி

ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக்கு ஊரெல்லாம் கொடி கட்டிக் கரியடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, வெர்னர் பெல்கோலாவின் வீட்டு வாசலில் பதினோரு அடி உயரத்துக்குப் பனி நின்றது. வேலியிலிருந்து வேலிவரை, ஒரு சொட்டுகூட உருகாமல். பக்கத்து வீட்டில் ஸ்ட்ராபெரி பழுத்திருந்தது. சுபீரியர் ஏரிக்கரையில் பனி யாருக்கும் புதிதல்ல, அது யாருடைய பனி என்பதுதான் எங்கள் பேச்சு. இது ஹில்மா நிஸ்கலாவின் பனி என்று எல்லோருக்கும் தெரியும். வெர்னர் மட்டும் தெரியாததுபோல் இருந்தான்.

இரண்டு வீடும் எதிரெதிர். வெர்னர் பனி தள்ளிப் பிழைக்கிறவன். டிரக்குக்கு முன்னால் பனி தள்ளும் அகலமான இரும்பு பிளேடு. தன் கராஜ் வாசலிலிருந்து ஒரே தள்ளு, சாலையைத் தாண்டி ஹில்மாவின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவான். சட்டப்படி தப்புதான். ஆனால் எங்கள் பக்கம் இதற்கெல்லாம் போலீஸைக் கூப்பிடுகிற வழக்கமில்லை, முனகிக்கொண்டே அள்ளிப் போடுவோம். ஹில்மாவின் கணவர் டௌனோவும் இருபது வருடம் அப்படி முனகினார். ஒரு பிப்ரவரி மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு, வெர்னர் அப்போதுதான் தள்ளிவிட்டுப் போன பனி கழுத்தளவு இருந்தது. அதைத் தோண்டி வழி எடுக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. ஹில்மா ஜன்னலிலிருந்து பார்த்தாள். எதிர் ஜன்னலில் வெர்னர் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது டௌனோ போய்விட்டிருந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தில் காப்பி கொடுத்தார்கள். ஏலக்காய் ரொட்டியை நனைத்துத் தின்றபடி வெர்னர் சொன்னான்: "பனின்னா விழத்தான் செய்யும் ஹில்மா. வானத்தை நானா பிடிச்சு நிறுத்த முடியும்?" ஹில்மா காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போய், வாசலில் மிச்சமிருந்த அந்தப் பனியில் ஒரு கை அள்ளி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, உறைபெட்டியில் மான்கறிக்கு அடியில் வைத்தாள். ஒன்பது வருடம் அது அங்கேயே இருந்தது. மறந்து மன்னித்துவிடச் சொன்ன பாதிரியாரிடம், மறந்தால்தானே மன்னிக்க என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒன்பதாவது குளிர்காலத்தில் டௌனோவின் பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பனிவாரி விற்கும் ஆர்விட்டின் கடைக்குப் போனாள். ஆர்விட் முதலில் முன்னால் மாட்டும் நேர் பிளேடைக் காட்டினான். ஹில்மா டப்பாவைத் திறந்து, அந்தப் பனிக்கட்டியை அதற்கு முன் தரையில் வைத்தாள். அது அசையவில்லை. நடுவில் இரண்டாக மடங்கிக் கூராக நிற்கும் பிளேடுக்கு முன் வைத்தாள். அப்போதும் இல்லை.

"தள்ளுறது எல்லாரும்தான் தள்ளுறாங்க," என்றாள். "இழுக்கிறது எதாவது இருக்கா?"

"இருக்கு அக்கா. பின்னாடி மாட்டுறது. கராஜ் கதவை ஒட்டி விட்டீங்கன்னா ஒட்ட வழிச்சு இழுத்துட்டு வரும். ரெண்டு பக்கமும் இறக்கை விரியும், ரோட்ல போறப்ப மடக்கிக்கலாம். ஒரே குறை, இது இழுக்க மட்டும்தான் செய்யும். வண்டி எங்க போகுதோ பனியும் அங்க வந்துடும்."

ஆர்விட் பொத்தானை அமுக்கினான். இறக்கைகள் விரிந்தன. பனிக்கட்டி கடைத்தரையில் தானாக நகர்ந்து வந்து பிளேடோடு ஒட்டிக்கொண்டது. ஆர்விட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சில வண்டிகளுக்கு அப்படிப் பொருந்திவிடும் என்று சொல்லி ரசீது எழுதினான்.

மறுநாள் காலை ஹில்மா தன் கராஜ் கதவுவரை பின்னால் போய், பிளேடை இறக்கி, இறக்கைகளை விரித்து, நேராகச் சாலையைத் தாண்டி வெர்னரின் வாசலுக்குள் ஓட்டினாள். அங்கே பிளேடைத் தூக்கிக்கொண்டு, அவன் புல்தரை வழியாகத் திரும்பி, அவனுடைய தபால் பெட்டியையும் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். பனி நிற்கவில்லை. வெர்னர் இத்தனை வருடமாக அந்தப் பக்கம் தள்ளிவிட்ட பனியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைக் கடந்து மத்தியானம்வரை வந்துகொண்டிருந்தது. டௌனோ தொலைத்த கையுறை ஒன்றும் அதோடு போனது.

வெர்னர் பனியை உருக்க உப்புப் போட்டான். தீ வைத்தான். வாடகைக்குக் கொண்டுவந்த மண்வாரி இயந்திரத்தின் தொட்டி ஒவ்வொரு தடவையும் காலியாகவே மேலே வந்தது. வீட்டுக்குப் பின்னால் சதுப்பு, அந்தப் பக்கமும் வழியில்லை. அவனுடைய டிரக் உள்ளேயே கிடந்தது, தொழில் போயிற்று. ஏணி போட்டு ஏறி இறங்கினான், சின்னப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று அந்த ஏணியையும் உள்பக்கமே இழுத்து வைத்துக்கொண்டான். வெயில் ஏறும் நாட்களில், டௌனோ சரிந்த அதே நேரத்துக்கு, பனிக்குள்ளிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் சரியாகப் பதினெட்டு நிமிடம் கேட்கும். தபால்காரர் அதை வைத்துக் கடிகாரம் திருத்திக்கொள்வார்.

அடுத்த ஆகஸ்டில் அந்தச் சத்தம் சாலையிலிருந்து வந்தது. நிஜ ஆம்புலன்ஸ். ஏணி உள்பக்கம் கிடந்ததால் அதில் வந்தவர்கள் பனியை வெட்டினார்கள், வெட்ட வெட்ட மூடிக்கொண்டது. மாடி ஜன்னலில் வெர்னர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர் ஜன்னலில் ஹில்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹில்மா," என்று அவன் கத்தினான். "நான்தான் தள்ளினேன். டௌனோ உள்ள இருக்கார், வழி அடைபடும்னு தெரிஞ்சுதான் தள்ளினேன். வந்து பனியை எடு."

ஹில்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. மீதிக் காப்பியைக் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். எடுத்தால் அது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டாவது நிமிடம் முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், டிரக்கை வெர்னரின் பனிவரை பின்னுக்கு ஓட்டி, இறக்கைகளை விரித்து, ஒரே இழுப்பில் அத்தனை பனியையும் தன் வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

வெர்னர் பிழைத்துக்கொண்டான். இடது கை மட்டும் விளங்காமல் போனது. ஒற்றைக் கையால் அள்ளித் தன் பனியைத் தன் புல்தரையிலேயே போட்டுக்கொள்கிறான். ஹில்மா வாசலில் பதினோரு அடி பனி அப்படியே நிற்கிறது, இப்போது அதில் சத்தம் இல்லை. கோடையில் மீன் விற்கிறவர்கள் பெட்டிக்கு வேண்டிய பனியை அங்கேதான் வெட்டி எடுக்கிறார்கள். கையுறை கிடைத்தால் கொடுக்கும்படி அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.