நஸ்லியாவின் பால்

என் மகள் தூங்கும்போதும் ஒரு குழந்தை அழுதது. மதிலுக்கு அந்தப் பக்கம் நஸ்லியாவின் வீடு. நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில்தான் பெற்றோம், அவள் முந்தி. அவளுடைய மகன் பிறந்த மறுநாளே மூச்சடங்கி மௌத்தாகிவிட்டான். அங்கே அழுவதற்குக் குழந்தை ஏது? என் கணவர் ஜெஸீமிடம் சொன்னால், "பூனையா இரிக்கும்" என்பார். பூனைச் சத்தம் எனக்குத் தெரியாதா? எரிச்சல்தான் வந்தது.

அந்த அழுகை கேட்டால் எனக்குப் பால் வடிந்தது. மகளைத் தூக்கினால் நின்றுவிடும். மார்பு இரண்டும் கல்லாக இறுகி, காம்பு வெடித்துக் கிடந்தது. பிள்ளை வாயை வைத்துப் பார்த்துவிட்டு வீறிடும். பிறகு வீறிடவும் தெம்பில்லாமல் போனது.

தாய் சேயைப் பார்க்கும் மிட்வைப் கேதீஸ்வரி வந்து வெந்நீர்த் துணியால் ஒற்றி, கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சச் சொன்னார். "கறுப்பு இடம் மெத்தெண்டு வரட்டும். பிள்ள வாய நல்லாத் திறக்கக்குள்ள மார்போட அணைங்க. நீங்க குனியாதீங்க." செய்தேன். பிள்ளைக்கு இழுக்கச் சக்தியில்லை. பீய்ச்சியதைக் கரண்டியால் ஊட்டினோம், போதவில்லை. பின்னேரத்துக்குள் வயிறு நிறையாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்றார்.

"நஸ்லியாக்கிட்டக் குடுப்பமே," என்றார் ஜெஸீம். "ஒருக்காக் குடிச்சாப் பால் உறவு வராது. அஞ்சு தரம் குடிச்சாத்தான் அவட மகனுக்கு நம்மட மகள் தங்கச்சி."

எனக்கு அந்த உறவுதான் பயம். மௌத்தானவன் காக்கா, என் மகள் அவனுக்குத் தங்கச்சி என்றானால் அவன் சும்மா இருப்பானா? தன்னிடம் கூப்பிடமாட்டானா? படித்தவள் நினைக்கிற நினைப்பா என்று கேட்காதீர்கள். பிள்ளை வாடிக் கிடக்கும்போது படிப்பு எங்கே போகுமோ தெரியாது.

லுஹர் தொழுகைக்குப் பின் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பால் வற்றட்டும் என்று நஸ்லியா மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படியும் சட்டை நனைந்திருந்தது.

"ஒருக்கா மட்டும்," என்றேன்.

"ஒருக்காவெண்டா உறவில்ல எண்டு எனக்கும் தெரியும், றுமானா," என்றபடி கட்டை அவிழ்த்தாள். "அஞ்சு தரம் கொண்டு வருவியா? என்னத் தவிர அவன நினைக்க ஆளில்ல. ஒரு தங்கச்சியாவது இரிக்கட்டும்."

மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மகள் விழுங்கும் சத்தம் கேட்டது. நான் வெட்கிப் போய் நின்றேன்.

மறுநாள் தெம்பு வந்த மகள் என்னிடமே வாய் நிறையப் பற்றிக் குடித்தாள். கேதீஸ்வரி சொன்ன முறை அப்போதுதான் சரிவந்தது. இனி அங்கே போகத் தேவையில்லை என்றார் ஜெஸீம். உண்மைதான். ஆனாலும் போனேன். ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் கால் கூசியது.

ஐந்தாம் தரம் குடித்து முடித்த மகளின் காதில் நஸ்லியா சொன்னாள்: "ஒனக்கொரு காக்கா இரிக்காரு, மகள்."

பிள்ளை தலையைத் திருப்பி, ஆளில்லாத மூலையை விழித்துப் பார்த்தது.  மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஓம், காக்கா," என்று நானும் சொன்னேன்.