சாம்பல் கான்கிரீட்டில் செருப்புத் தடம்

சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து, தன் வீட்டு வாசலுக்கே கான்கிரீட் போட்டார் எஞ்சினியர். "இது மெதுவாத்தான் இறுகும். பொறுமை வேணும். யாரும் கால் வைக்கக் கூடாது" என்று மனைவி, மேஸ்திரி, தபால்காரர் என ஒருவர் விடாமல் பாடம் எடுத்தார்.

சாயங்காலம், பசுமைக் கட்டுமானம் பற்றிப் பேச வரும்படி போனில் அழைப்பு வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேசிக்கொண்டே அந்த ஈரக் கான்கிரீட் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். செருப்பு சிக்கிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"பாடம் நல்லாப் பதிஞ்சிருக்குங்க" என்றாள் மனைவி.

"மேல சிமெண்ட் பூசி மறைச்சிடலாமா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"வேண்டாம். என் மடத்தனத்துக்கு இன்னொரு மூட்டை சிமெண்ட் எதுக்கு? அப்படியே இறுகட்டும்" என்றார் எஞ்சினியர், ஒற்றைக் காலில் நின்றபடி.