ஈரத் தட்டை

சோளத்தட்டையையும் நிலக்கரியையும் ஒரே உலையில் வாழவைப்பது, மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பின் முன் நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஒன்று கனமானது, நிதானமாகக் கனன்று நெடுநேரம் சூடு தரும். மற்றொன்று இலேசானது, தொட்டவுடன் பற்றிக்கொண்டு புகைந்து தீரும். ஆயினும் மூன்று பங்கு கரிக்கு ஒரு பங்கு தட்டை எனக் கலந்து, காற்றை அளந்து ஊட்டினால் இரண்டும் இணங்கி நல்ல எரிவாயுவைத் தரும் என்பதைப் பொறியாளர் பல சோதனைகளில் கண்டிருந்தார். அதனை இன்று தலைமை அலுவலகத்து அம்மையாரின் கண்முன் மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் சோதனை உலை பிரிக்கப்படும். ஆலை பழையபடி வெறும் கரியிலேயே ஓடும்.

காலையில் மூட்டிய உலையின் வெப்பம் ஏறவேண்டிய அளவுக்கு ஏறாமல் நின்று, பின் இறங்கத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறைச் சன்னலுக்கு வெளியே, வாயுக்குழாயின் முனையில் நீலமாக நிற்கவேண்டிய சுடர் மஞ்சளாகிக் கரும்புகையைக் கக்கியது.

"காத்தைக் கூட்டுங்க," என்றார் பொறியாளர்.

"கூட்டியாச்சு சார். இதுக்கு மேல வேணும்னா நான்தான் வாய வச்சு ஊதணும்," என்று சொல்லி, உலை இயக்குபவர் வாயைப் பிளந்தார். அவருக்குக் கொட்டாவி என்ற பட்டப்பெயர் காரணமின்றி வரவில்லை.

பொறியாளர் இரும்புப் படியேறி, உலைக்கு எரிபொருள் ஊட்டும் தொட்டியின் மூடியைத் திறந்தார். நறுக்கிய தட்டை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவருக்குச் சுவர் கூரைபோல் கட்டிக்கொண்டிருந்தது. கரி மட்டும் இடுக்குகளின் வழியே நழுவி இறங்கியிருந்தது. ஒரு பிடி தட்டையை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் வழிந்தது.

கீழே, எரிபொருள் முற்றத்தின் மேற்பார்வையாளர் பெருமிதத்தோடு நின்றார். அவர் வேறு யாருமல்லர்; பொறியாளரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

"மச்சான், குவியல் மேல தண்ணி விட்டீங்களா?"

"ஆமா மாப்பிள்ளை. தூசி பறந்தா வர்றவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. உங்களுக்குத்தானே அசிங்கம்? நேத்தே நல்லா ஊறவிட்டேன். பாருங்க, ஒரு தூசி இருக்கா?"

"தூசி இல்ல. உலையில சூடும் இல்ல."

"கரியும்தானே நனைஞ்சுது?"

"கரி தண்ணியை வழிய விட்டுடும். தட்டை குடிச்சு உள்ளயே வச்சுக்கும்."

"எங்கப்பா மாதிரின்னு சொல்லுங்க."

பொறியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைத்தவன் அயலானாயின் வாயாரத் திட்டலாம். மச்சானாயின் பல்லைக் கடிக்கத்தான் இயலும். அதையே செய்துகொண்டு அறைக்குத் திரும்பினார்.

"தட்டையை நிறுத்திட்டு வெறும் கரியை விட்டுடலாம் சார்," என்றார் கொட்டாவி. "சுடர் நீலமாயிடும். அந்தம்மா உலைக்குள்ள தலையை விட்டா பாக்கப்போறாங்க?"

பொறியாளரின் கை விசை வரை சென்றது. ஆனால் கரியை எரித்துக் காட்டித் தட்டைக்குப் புகழ் சேர்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குள் அம்மையாரே அறைக்குள் வந்துவிட்டார். பொறியாளர் உள்ளதைச் சொன்னார்.

"தவறுதலா நனைஞ்சுபோச்சும்மா. காயவச்சு இன்னொரு நாள் ஓட்டிக் காட்டுறேன்."

"சரி. நாளைக்கு மழை நனைச்சா என்ன பண்ணுவீங்க?"

இதுவரை நடந்த சோதனைகள் அனைத்துக்கும் பொறியாளர் தாமே கொட்டகையிலிருந்து காய்ந்த கட்டாகப் பொறுக்கி எடுத்திருந்தார்.

"கூரை போட்டுடலாம்."

"மொத்த ஆலைக்கும் வேண்டிய தட்டைக்கா?"

அம்மையார் கடுமை காட்டவில்லை; அதுதான் அதிகம் வலித்தது. "அணைச்சுடுங்க. பிரிக்கச் சொல்லி எழுதிடுறேன்," என்று கூறிப் புறப்பட்டார்.

அடைத்த தொட்டியை அப்படியே விட்டால் இறுகிவிடும். பொறியாளர் கம்பியால் குத்தக் குத்த, மச்சான் தட்டையை வாரி, அருகில் சென்ற கழிவுப்புகைக் குழாயின்மேல் போட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாம் என்னாலதானே மாப்பிள்ளை?"

ஆம் என்று சொல்லத் திரும்பிய பொறியாளரின் கை, குழாயின்மேல் கிடந்த தட்டையில் பட்டது. அது மொரமொரவென்று நொறுங்கியது.

புகையோடு வீணே வானத்துக்குப் போகும் சூடு. அதைக் கொண்டே தட்டையை உலர்த்தலாம் என்பது பாடநூலின் தொடக்கத்திலேயே உள்ள செய்தி; அவரே மற்றவர்க்குச் சொல்லிக் கொடுத்த செய்தி. கேட்டபோது நாவில் வராதது இப்போது வந்து நின்றது. படிகளைத் தாவி இறங்கி வாயிலுக்கு ஓடினார். வண்டி போய்விட்டிருந்தது. கைபேசியில் அழைத்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார்.

மறுமுனையில் அம்மையார் முழுவதையும் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு. இதை அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"அப்போ தோணலம்மா."

"வண்டியில ஏறினதுமே எழுதி அனுப்பிட்டேன்," என்றார் அவர். "அடுத்த மாசக் கூட்டத்துல எடுத்துச் சொல்லிப் பாக்குறேன். அதுவரைக்கும் உலை இருந்தா."

பின்னால், பிரிப்புப் பணியாளர்கள் எப்போது வருவார்கள், முற்றத்தைக் கழுவி வைக்கவா என்று மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார்.