காப்புக் கட்டிய வாரம்

சந்தவாசல் சிவசங்கர் சொன்ன பொய்யை அவன் வாயாலேயே பொய் என்று சொல்ல வைக்க வேண்டும். ஓராண்டுக் காலம் நான் அம்மனிடம் வைத்த வேண்டுதல் இது ஒன்றே. மழையைக்கூட நான் கேட்கவில்லை. மழை வேண்டுவோர் ஊரில் வேறு பலர் இருந்தனர்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் ஓடை உண்டு. அக்கரையில் உள்ளது நான் பிறந்த ஊர்; ஓடையே அதன் எல்லை. இக்கரையில் என் கணவர் அருணகிரியின் நிலம் இருக்கிறது. அந்நிலத்தில் நாங்கள் தங்குவோர்க்கென மூன்று அறைகள் கட்டினோம். நீர்வீழ்ச்சி காண வருவோர் மாலையே மலையிறங்கி விடுவர். கணினியில் வேலை செய்வோர் அவ்வாறல்லர். இணையம் அறுபடாமல் கிடைக்குமாயின் அவர்கள் வாரக்கணக்கில் தங்குவர். இதனை எனக்கு உணர்த்தியவள் சென்னையிலிருந்து வந்த புவனா. வார இறுதிக்கென வந்தவள், பை நிறையக் கொணர்ந்த உடைகளெல்லாம் இரண்டு முறை துவைபடும்வரை தங்கினாள்.

அவளைப் பார்த்துப் பார்த்து நான் கற்றேன். முழங்கை நோகாத உயரத்தில் மேசை வேண்டும். முதுகுக்குப் பின்னே வெறுஞ்சுவர் வேண்டும். துணி உலர்த்தும் கொடி கேமராவில் தெரியலாகாது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். ஒரு கம்பெனியின் சிக்னல் படுத்துக்கொண்டால் மற்றொன்று எழுந்து நிற்க, வைஃபை பெட்டியில் இரண்டு சிம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மீட்டிங் நேரத்தில் அமைதி வேண்டும். அந்நேரத்தில் நான் மிக்ஸியைத் தொடமாட்டேன். சேவலைக் கூடை போட்டு மூடிவிடுவேன்.

அடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து வேனில் ஆள் ஏற்றி வருவது சிவசங்கரின் தொழில். எங்கள் விருந்தினரையும் அவனே ஏற்றி வந்தான். என் வீட்டில் களி தின்றுகொண்டே அனைத்தையும் கவனித்தான்.

"இன்னாக்கா, உங்க வூட்டு சேவலுக்கே மீட்டிங் டைம் தெரியுதே! சம்பளம் இன்னா குடுக்கறீங்க?" என்று சிரிப்பான்.

நானும் சிரித்தேன். "ஓடைக்கு அந்தாண்ட மேட்டுல சிக்னல் இன்னும் நல்லா வரும் தம்பி" என்று அவனுக்குச் சொன்னவளும் நானே.

அந்த மேட்டைத்தான் அவன் குத்தகைக்கு எடுத்தான். கண்ணாடிச் சுவர் வைத்த குடில்களைக் கட்டி, 'ஹில் டெஸ்க்' என்று பலகை மாட்டினான். அதற்காக நான் சினம் கொள்ளவில்லை. மலை எவர்க்கும் பொது. ஆனால் அதன்பின் என் வீட்டிற்கு ஒருவரும் வரவில்லை. காரணம் அறியாது மயங்கியிருந்த வேளையில் புவனா தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, உங்க ரூம்ல பாம்பு வந்துடுச்சாமே? யாரையோ கடிச்சுதுன்னு சிவா சொன்னாரு. அதான் எங்க ஆபீஸ்ல எல்லாரும் அங்கயே போறாங்க."

போனை வைத்தேன். நேரே மேட்டுக்குச் சென்றேன். கண்ணாடி அறைக்குள் அவன் காதில் போனுடன் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான்.

"மீட்டிங் நடக்குது. அப்பறம் வா."

அதுவரை என்னை 'வாங்கக்கா' என்று அழைத்த வாய் அது. வாயிலில் நின்ற என் பிறந்த ஊர்ப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டனர். அவர்கள் அனைவரும் அவனிடம் வேலை செய்தனர். நான் அங்கே காத்திராமல் திரும்பினேன். ஆயினும் அந்த உள்ளங்கையை மறந்தேன் அல்லேன்.

இவ்வாண்டு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியரை அனுப்பவிருப்பதாக அவன் சந்தையில் பெருமை பேசினான். அமுதவல்லி என்னும் அதிகாரி சிலருடன் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்ப்பார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆண்டு முழுவதும் ஆட்கள் மாறி மாறி வருவர். புளிக்கடை அருகே என்னைக் கண்டதும் நின்றான்.

"இன்னாக்கா, உங்க ஊர் திருவிழா தை மாசந்தானே? போன வருசம் மாதிரி?"

"அம்மன் சொல்றப்போ."

"அம்மனுக்கு ஒரு காலெண்டர் வாங்கியாந்து குடுக்கறேன்க்கா!"

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அடிவாரத்து ஊர்களில் திருவிழா நோட்டீசில் அச்சாகி வரும். எங்கள் மலையில் அவ்வாறு இல்லை. சாமை அறுவடை முடிந்தபின் ஊர் கூடி, அம்மன் சிலைமீது வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைப்பர். வெள்ளை விழுந்தால் அன்றே காப்புக் கட்டுவர். சிவப்பு விழுந்தால் காத்திருப்பர். சென்ற ஆண்டு மழை பிந்தியதால் திருவிழாவும் பிந்தியது. இவ்வாண்டு மழை முந்தியது. அறுத்த சாமைத் தாளைக் கண்ணெதிரே கண்டும் அவன் அதனைப் படிக்கவில்லை.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முனியன் என் உடன்பிறந்த அண்ணன். அவ்வூரில் பிறந்த பெண்ணுக்கும் கோயில் வாசலில் பேச இடமுண்டு. கம்பெனி ஆட்களை அழைத்துவரச் சிவசங்கர் பெங்களூர் சென்றதும், ஊர் கூடிய கோயில் வாசலில் நான் எழுந்து நின்றேன்.

"அண்ணா, சாமை வூடு வந்துடுச்சு. இன்னும் இன்னாத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கறது? பூ கேட்டுடலாமே."

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். "உனக்கு இன்னா இவ்ளோ அவசரம் கலைவாணி?"

"அம்மனுக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கு."

அவர் தலையசைத்தார். பூக்களை வைத்தனர். எல்லோரும் கண்மூடிக் கைகூப்பினர். நான் மட்டும் கண் திறந்து நின்றேன். வெள்ளைப் பூ நழுவி விழுந்தது.

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரார் வெளியே தங்கலாகாது. வெளியார் ஊர் எல்லைக்குள் இரவு தங்கலாகாது. தாளிப்பும் கறியும் கூடா. ஹில் டெஸ்க் சமையற்காரி வெள்ளையம்மாள் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெங்களூர் சென்றிருந்த சிவசங்கருக்குப் போன் செய்தாள்.

"காப்புக் கட்டிட்டாங்க சார். நான் கோயிலுக்குப் போறேன்."

"நான் வந்து பேசிக்கறேன். மேளத்த மட்டும் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு."

இதைக் கேள்வியுற்ற அண்ணன், "அது இன்னா ரேடியோவா, திருகிக் கொறைக்க?" என்றார். கோயில் வாசலே சிரித்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவனுடைய வேன் வந்தது. ஓடைப் பாலத்தின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்கு அப்பால் அண்ணன் நின்றார். எங்கள் வேலியிலிருந்து அனைத்தும் தெளிவாகக் கேட்டது.

"கவுண்டரே, இவங்க பெரிய கம்பெனி. ஒரு வாரந்தான்."

"வரட்டும், சாமி கும்புடட்டும். ராவுல மட்டும் எல்லைக்குள்ள தங்கக்கூடாது."

"நான் லீஸுக்கு எடுத்த எடங்க இது!"

"நிலத்தத்தான் லீஸுக்கு வுட்டாங்க. எல்லைய யாரும் வுடல."

வேனிலிருந்து அமுதவல்லி இறங்கினார். "காலைல எங்களுக்கு மீட்டிங் இருக்கு, சிவசங்கர். அதோ, அந்த வீட்ல லைட் எரியுதே. அதுதான் நீங்க சொன்ன பாம்பு வீடா?"

அவன் அவர்களை வேனருகே நிறுத்தினான். என் வேலிப் படலருகே தனியே வந்து நின்றான்.

"அக்கா, ரூமு வேணும். நீங்க கேக்கறத குடுத்துடறேன்."

"ரூமு இருக்கு. பாம்பும் இருக்குதாமே?"

"அக்கா... அது சும்மா, யாவாரத்துக்காக..."

"அவங்கள கூப்பிடு. அவங்க முன்னாடி சொல்லு."

"காலுல வுழட்டுமாக்கா?"

"எங்கால்ல ஒண்ணும் கொறயில்ல. வாயத் தொற."

அவர்கள் வந்தனர். அவன் மண்ணைப் பார்த்து முணுமுணுத்தான்.

"காதுல வுழல" என்றேன்.

"இந்த வூட்டுல பாம்பு இல்ல. யாரையும் கடிக்கல. நாந்தான் பொய் சொன்னேன்."

அமுதவல்லி அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் படலைத் திறந்தேன். பெண்கள் அறைகளில் தங்கினர். ஆடவர்க்குப் புளி வைக்கும் கொட்டகையைப் பெருக்கிக் கொடுத்தேன். "அவனுக்கும் உள்ள ஒரு பாய் போடேன்" என்றார் என் கணவர். நான் போடவில்லை. சோறு மட்டும் கொடுத்தனுப்பினேன். அவன் அதனை வேன் படியில் அமர்ந்து உண்டான்.

மறுநாட்காலை அனைவரும் மேசைகளில் அமர்ந்தனர். அக்கரை மேளம் இடையிலுள்ள குன்றால் அடங்கி மெல்லெனவே கேட்டது. நான் சேவலை மூடினேன். அமுதவல்லி முற்றத்தை அளப்பவர்போல் பார்த்து, "இன்னும் ரூம் கட்ட இடம் இருக்கா?" என்று மெல்ல வினவினார். இருக்கிறது எனத் தலையசைத்தேன்.

அப்பொழுது சிவசங்கர் முற்றத்தில் நின்று, அடிவாரத்திலிருந்து சமையலாள் வரவழைக்கப் போனில் கத்தத் தொடங்கினான். நான் வாசலில் வந்து நின்று, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன்.

"மீட்டிங் நடக்குது. அப்பறம் வா."

அவன் முகம் கறுத்தது. போனைக் காதில் வைத்தபடியே சாலை வளைவை நோக்கி நடந்தான். அந்த வளைவில் சிக்னல் கிடையாது. இம்முறை நான் அவனுக்குச் சொல்லவில்லை.