நிச்சயதார்த்த முகம்

காவியாவின் நிச்சயதார்த்தம் தை மாதம் செங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அலங்காரத்துக்கு ஜெயசுதா வந்திருந்தாள். போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். எந்தப் பருவத்துக்கு எதைப் பூசலாம், எந்த விசேஷத்துக்கு என்ன புடவை எடுப்பாக இருக்கும் என்று போனில் சின்னச் சின்ன வீடியோக்கள் போடுவாள். சுற்று வட்டாரத்தில் கல்யாணப் பெண்கள் எல்லாரும் அவற்றைப் பார்ப்பார்கள்.

"பனிக்காலத்துல தோல் காஞ்சு கிடக்கும். நேரா பவுண்டேஷன் போட்டா திட்டுத் திட்டா நிக்கும்மா. முதல்ல க்ரீம் தடவி ஊற வுடணும்" என்று பேசிக்கொண்டே அவள் காவியாவின் முகத்தில் வேலையைத் தொடங்கினாள். காவியாவின் அம்மா மாணிக்கம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

"ஜெயா, கொஞ்சம் கலரா காட்டும்மா. அவங்க வூட்டு ஆளுங்க எல்லாம் நல்ல கலரு."

"கவலைய வுடுங்க. ஸ்டேஜ் லைட்டுல சும்மா தகதகன்னு இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. வெளிர் ரோஜா நிறப் பட்டில், காவியாவின் சொந்த நிறத்தைவிட எவ்வளவோ வெளுப்பாக ஒரு பெண் மேடையில் நின்றாள். மாப்பிள்ளை கோகுல்ராஜ் அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். பெண் பார்க்க அவனுடைய அம்மாவும் அக்காவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். டிராக்டர் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கும் அவன் அப்போது பயிற்சிக்காக புனேயில் இருந்தான். மேடையில் மோதிரம் போட்டுவிட்டு, வெட்கத்தோடு, "போட்டோவுல பார்த்ததவிட நல்லா இருக்கீங்க" என்றான்.

காவியாவுக்கும் அந்த முகம் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. அன்று எடுத்த படத்தையே போனில் முகப்புப் படமாக வைத்தாள். கோகுல்ராஜ் படம் கேட்டபோதெல்லாம் அதே நாளில் எடுத்த வேறு வேறு படங்களை அனுப்பினாள். ஜவ்வாது மலையில் அவள் வேலை செய்யும் இடத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வீடியோ கால் எடுக்காமல் இருக்க அது நல்ல சாக்காக இருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. பஸ்ஸில் போகும்போது, சாப்பாட்டு நேரத்தில், மாலையில் மொட்டை மாடியில் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவனுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பேச வரும். அவள் சொல்வதை மறக்காமல் மறுநாள் விசாரிப்பான்.

காவியாவின் ஊர் சந்தவாசல் பக்கம். தினமும் பஸ் பிடித்து மலைக்குப் போய், சாமையை உமி நீக்கி மூட்டை கட்டும் ஒரு ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்தாள். மெஷின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. உமித்தூசி இமை மயிரில்கூடப் படியும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய சுடிதாரில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பாள்.

பங்குனி மாதம் ஒரு மதியம் கோகுல்ராஜ் அங்கே வந்து நின்றான். மலையில் யாருக்கோ டிராக்டர் ரிப்பேர். அந்த வேலையை முடித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றவனைப் பார்த்ததும் காவியா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சிரித்துக்கொண்டே அவனை நோக்கி நடந்தாள்.

அவன் அவளைப் பார்த்து மரியாதையாக, மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டான்:

"காவியா மேடம் இருக்காங்களாங்க?"

அவள் நின்றாள். விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் கண் அவளைத் தாண்டி உள்ளே தேடிக்கொண்டிருந்தது. மறுபடியும் அவள் பக்கம் திரும்பி, பதிலுக்குக் காத்திருந்தான். அந்தப் பார்வையில் அவளை அடையாளம் கண்டதற்கான அறிகுறி ஒரு துளியும் இல்லை. காவியா இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏன் அப்படி ஆட்டினோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தாள்.

"அப்படிங்களா? இத அவங்க கிட்ட குடுத்துடுங்க. செங்கத்துல இருந்து கோகுல் வந்தாருன்னு சொன்னா தெரியும்." ஒரு சின்னப் பையைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பைக்குள் ஒரு கம்பேக்ட் பவுடரும் உதட்டுச் சாயமும் இருந்தன. நல்ல கம்பெனி. பவுடரின் நிறம் கடைகளில் கிடைப்பதிலேயே வெளுப்பான நிறம்.

மாலையில் போன் செய்தான். "லீவா இன்னிக்கு? பை வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள். அவன் சாப்பிட்டானா என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

சித்திரையில் கல்யாண அலங்காரத்துக்கு முன்னோட்டம் பார்க்க அம்மாவும் மகளும் போளூருக்குப் போனார்கள். வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. பார்லர் சுவரில் காவியாவின் நிச்சயதார்த்தப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. ஜெயசுதா நிச்சயத்துக்குப் போட்ட அதே வெளுப்பான பவுண்டேஷன் பாட்டிலை எடுத்து வைத்தாள்.

"அக்கா, அது வேணாம். என் கலருக்கு உள்ளது போடுங்க."

மாணிக்கம்மாள் திடுக்கிட்டாள். "இன்னாடி சொல்ற? நிச்சயத்துல பார்த்தவங்க கல்யாணத்துல இன்னா நினைப்பாங்க? பொண்ண மாத்திட்டாங்கன்னு பேச மாட்டாங்க?"

பிளவுஸ் தைக்கக் கொடுத்த கடை பக்கத்திலேயே இருந்தது. பிளவுஸை வாங்கி வரச்சொல்லி காவியா அம்மாவை அனுப்பிவைத்தாள். கதவு மூடியதும் ஆலையில் நடந்ததை ஜெயசுதாவிடம் சொல்லி, அந்தக் கம்பேக்டை மேஜைமேல் வைத்தாள்.

ஜெயசுதா அதைத் திறந்து பார்த்தாள். "தூசி, தலையில துண்டு… அதனால இருக்கும்மா" என்று ஆரம்பித்தாள். திரும்பி சுவரில் இருந்த படத்தையும், நாற்காலியில் இருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் படத்தைக் காட்டி "இதே மாதிரி எனக்கும் வேணும்" என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அவர்களையும் அவரவர் மாப்பிள்ளைகள் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"கல்யாணத்தன்னிக்கு நான் கம்மியா போட்டு வுட்டா, அவரு உன் நிஜக் கலர மேடையிலதான் பார்ப்பாரு. எல்லார் எதிர்லயும். அது இதவிட மோசம் காவியா. அதுக்கு முன்னாடியே பார்க்கணும்."

"வேணாம்னுட்டாருன்னா?"

"அத நான் இன்னான்னு சொல்றது? ஆனா கல்யாணம் ஆனப்புறம் தினம் முகத்த கழுவத்தானே போற?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே காவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயசுதா அவளை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். தாடை ஓரத்தில் வெவ்வேறு நிறங்களைக் கோடு கோடாக இழுத்தாள். "கையில போட்டுப் பார்க்கிறதெல்லாம் தப்பு. தாடையில போடணும். எந்தக் கோடு காணாமப் போகுதோ, அதுதான் உன் கலரு." கைக்கண்ணாடியில் காவியா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுப்பான கோடுகள் சுண்ணாம்பு மாதிரித் தனியாக நின்றன. நல்ல மாநிறத்தில் இருந்த ஒன்று தோலோடு கலந்து மறைந்துபோயிருந்தது.

அந்த வாரமே கோகுல்ராஜை ஆலைக்கு வரச்சொன்னாள். அவன் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்காக மெஷின் நின்றிருந்தது. அவள் துண்டையும் அவிழ்க்கவில்லை, முகத்தையும் கழுவவில்லை. அவன் அன்றைக்குப் போலவே, "மேடம்…" என்று ஆரம்பித்தான்.

"நான்தாங்க காவியா."

குரலைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. ஒரு மூட்டையின்மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அன்னிக்கும் நீங்கதானா?"

"ஆமா."

"ஏன் சொல்லல? என்னைய டெஸ்ட் பண்ணீங்களா?"

"இல்லீங்க. கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைச்சுதான் கிட்ட வந்தேன். நீங்க கண்டுபிடிக்கல. அப்புறம் எனக்கு வாயே வரல."

"தலைய ஆட்டினீங்களே. ஆளு இல்லன்னு சொல்லிட்டீங்களே." அவன் குரலில் கோபம் இருந்தது, அவமானமும் இருந்தது. "சாயந்தரம் போன் பண்ணப்பவாவது சொல்லியிருக்கலாம். நான் முட்டாள் மாதிரி பை வந்துச்சான்னு கேட்டுட்டு இருந்தேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "சொல்லியிருக்கணும்" என்றாள். "அந்தப் போட்டோவையே உங்களுக்கு அனுப்பிட்டு இருந்ததும் நான்தான்."

"நான் கிளம்புறேங்க" என்று அவன் போய்விட்டான். வண்டி மலைப்பாதையில் இறங்கும் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் மங்கிக்கொண்டே போனது.

அதன்பிறகு சில நாட்கள் போன் வரவில்லை. வீட்டில் காவியா எதையும் சொல்லவில்லை. அம்மா மிச்சம் இருந்த பத்திரிகைக் கட்டை எடுக்கும்போதெல்லாம் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அவன் அழைக்காமலே இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாள். அழைத்தாலும் அவன் குரலைப் பழையபடி கேட்க முடியுமா என்றும் தெரியவில்லை. போன் முகப்பில் இருந்த படத்தை எடுத்துவிட்டு, ஆலையில் கூட வேலை செய்யும் கலைவாணி எடுத்த படம் ஒன்றை வைத்தாள். அதில் முறத்தைப் பிடித்தபடி எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை, போளூரில் பஸ் மாறும் இடத்தில் கோகுல்ராஜ் காத்திருந்தான். கூட்டத்துக்குள் இருந்து இறங்கியவளைப் பார்த்து நேராக அவளிடம் வந்தான். டீக்கடையில் இரண்டு டீ சொன்னான்.

"நான் பொய் சொல்ல மாட்டேங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றான். "குரல உங்க கிட்ட கேட்டேன். முகத்த போட்டோவுல பார்த்தேன். ரெண்டையும் சேர்த்து மனசுல ஒரு ஆள நானே செஞ்சு வெச்சிருந்தேன். அந்த ஆளுக்குத்தான் பவுடர் வாங்கினேன். அப்படி ஒரு ஆளு இல்லன்னு ஆனதும் யாரோ போய்ட்ட மாதிரி இருந்துச்சு."

காவியா டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நிறுத்திடலாமா?"

"நீங்க நிறுத்திடுவீங்களோன்னு பயந்துதான் நான் போன் பண்ணல. எதிர்ல நிக்கிற பொண்ண கண்டுபிடிக்கத் தெரியாதவன எதுக்குக் கட்டிக்கணும்னு நீங்க நினைச்சா, தப்பு சொல்ல முடியாது."

அவள் அதையும் நினைத்திருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குதே. முடிஞ்சப்பல்லாம் வந்து பாருங்க. நானும் உங்கள பார்க்கணும். எனக்கும் உங்க குரல்தானே நல்லா தெரியும்?" என்றாள்.

அவன் வந்தான். மலையில் வேலை இருந்த நாட்களில் ஆலைப் பக்கமும், இல்லாத நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தான். முதலில் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. போனில் அத்தனை சரளமாகப் பேசியவர்கள் நேரில் வார்த்தை தேடினார்கள். அவனுக்கு நகம் கடிக்கும் பழக்கம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. யோசிக்கும்போது அவள் இடது புருவம் மட்டும் மேலே போவதை அவன் கண்டுபிடித்தான். ஒருநாள் அவன் ஆலையில் நின்ற மெஷின் ஒன்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, உமித்தூசியால் முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்து நின்றான். "இப்ப நீங்கதான் கலரு" என்று அவள் சொன்னபோது, பழைய போன் சிரிப்பை முதன்முதலாக நேரில் கேட்டாள்.

வைகாசி முகூர்த்தத்தன்று விடிந்ததிலிருந்தே புழுக்கம். ஜெயசுதா பனிக்கட்டியைத் துணியில் சுற்றி காவியாவின் முகத்தில் ஒற்றி எடுத்தாள். மின்விசிறிக்கு முன்னால் உட்காரவைத்து, மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததைப் போட்டாள். "வெயில் நாள்ல கம்மியா போட்டாத்தான் நிக்கும். தடிமனா போட்டா ஓமப்புகையில வழிஞ்சிடும்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த அரக்கு நிறப் புடவைக்குப் பொருத்தமாக, காவியாவின் தோல் தன் நிறத்தில் ஒரு மினுமினுப்போடு இருந்தது. கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே எங்கேயும் கோடு தெரியவில்லை.

கோகுல்ராஜின் அக்கா ரேணுகாதேவி அறைக்குள் வந்து பார்த்தாள். "இன்னும் முடியலீங்களா? கலரு குடுக்கணும் இல்ல?" என்று ஜெயசுதாவிடம் கேட்டாள். ஜெயசுதா காவியாவைப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சு அண்ணி. நான் இந்தக் கலருதான்" என்றாள் காவியா. ரேணுகாதேவி ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு பூவைச் சரிசெய்துவிடுவது போல அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மண்டபத்தில் பேச்சு இல்லாமல் இல்லை. "நிச்சயத்துல பார்த்தப்ப வேற மாதிரி இருந்துச்சே" என்று பந்தியில் ஒருத்தி சொன்னது மாணிக்கம்மாளின் காதிலேயே விழுந்தது. தாலி கட்டும்போது கோகுல்ராஜ் மணப்பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "காவியா மேடம்" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். இடது புருவம் மேலே போக, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து இலையில் உட்கார்ந்தபோது மாணிக்கம்மாள் மகளுக்கு அருகில் வந்து பரிமாறினாள். முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்திருக்கலாம்டி" என்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"இருந்திருக்கலாம்மா" என்றாள் காவியா. அவளுக்குக் கோபம் வரவில்லை. "நல்லா பசிக்குது. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து."

மாணிக்கம்மாள் ஊற்றினாள். மகள் குனிந்து சாப்பிடுவதைப் பார்த்தபடி, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே அங்கேயே நின்றிருந்தாள்.