மூட்டைகள் விழுந்த இடம்

விமானிகளின் மேலங்கிக்குத் தோல் தேர்ந்தெடுப்பதற்காக, பிரிட்டிஷ் விமானப்படையின் குரூப் கேப்டன் மெரிடித் ஆம்பூர் வந்திருந்தார். முதல் உலகப்போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆவாரம்பட்டை ஊறும் குழிகளுக்கு அப்பால் நாற்காலி போட்டு, தோல் பதனிடும் தொழிற்சாலையின் முதலாளி வாஹித் பாஷா அவருக்கு மாலை அணிவித்தார். மொழிபெயர்ப்பதற்கு மிஷன் பள்ளி ஆசிரியர் தேவசகாயம் அருகில் நின்றார்.

துரை தம் போர்க்காலத்தைப் பெருமிதத்துடன் விவரித்தார். மெசபடோமியாவில் துருக்கியர் ஓர் ஊரை முற்றுகையிட்டபோது, உள்ளே பட்டினி கிடந்த படைக்கு விமானங்களிலிருந்து மாவு மூட்டைகளைப் போடச் செய்தவர் அவரே. அவர் அணிந்திருந்த பதக்கங்களில் ஒன்று அதற்காகக் கிடைத்தது. தேவசகாயம் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

குழியிலிருந்து ஏறிவந்த தொழிலாளி சத்தார், பட்டைச் சாயம் ஏறிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டான்.

"வாத்தியாரே, அந்த ஊர்லதான் எங்கண்ணன் மஹபூப் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டுனான். பட்டினியில செத்தான்னு சொன்னாங்க. அன்னிலேர்ந்து எங்கம்மா ரொட்டியத் தொடல. அந்த மாவு அவனுக்குக் கெடச்சுதான்னு கேளுங்க."

"ஏம்பா, தொரை தோல் பாக்க வந்தாரா, ஒன் வூட்டுக் கதை கேக்க வந்தாரா?" என்றார் முதலாளி.

மாவு உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்ததா என்று மட்டும் தேவசகாயம் துரையிடம் கேட்டார். துரை சிரித்தார். மூட்டைகளில் பாதி ஆற்றில் விழுந்தன, மீதியில் பெரும்பங்கு எதிரியின் பதுங்குகுழிகளில். அந்த ஆண்டு டைக்ரிஸ் நதியின் மீன்கள்தாம் கொழுத்தன என்றார். பல விருந்துகளில் சொல்லிப் பழகிய வேடிக்கை அது. துரை சிரிப்பதைக் கண்டு, பொருள் புரியாமலே தொழிலாளர்களும் சிரித்தார்கள். சத்தாரும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தேவசகாயத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கெடச்சுதாம் சத்தார். ஒங்கண்ணன் இருந்த பக்கந்தான் ஜாஸ்தி விழுந்துச்சாம்."

சத்தார் வீட்டுக்கு ஓடினான். தோல்களைப் பார்த்து முடித்துத் துரை கிளம்பும் வேளையில், ஆவி பறக்கும் ரொட்டித் தட்டுடன் திரும்பினான். தொழிற்சாலை வாசலில் அவன் தாய் ஜஹீருன்னிசா, முக்காட்டின் ஓரத்தைப் பற்றியபடி, கையில் ஒரு ரொட்டியுடன் நின்றிருந்தாள்.

"அண்ணன் பேர்ல பாத்தியா ஓதிட்டோம். தொரை ஒரு வாய் சாப்ட்டாத்தான் அம்மாவும் சாப்புடுமாம்."

என்ன இது என்று துரை வினவினார். இன்னொரு பொய் தேவசகாயத்துக்கு எளிதாகவே வந்திருக்கும். ஆனால் இம்முறை அவர் தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில், கேட்கப்பட்ட கேள்வியையும் தாம் தந்த பதிலையும் அப்படியே சொன்னார்.

துரையின் முகம் காதுவரை சிவந்தது. மாலையை மெல்லக் கழற்றினார்; எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

"உண்மையைச் சொல்லிவிடலாமா?" என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். தேவசகாயம் வாசலை நோக்கினார்.

துரை ஒரு துண்டைக் கிள்ளி வாயில் இட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றான் சத்தார்.

"நல்லா இருக்குன்றாரு."

வாசலில் ஜஹீருன்னிசா முக்காட்டை விலக்கி ரொட்டியைக் கடித்தாள். அவள் மென்று முடிக்கும்வரை, துரையின் கன்னத்தில் அந்தத் துண்டு விழுங்கப்படாமல் புடைத்து நின்றது.