சொன்னபடி கேட்ட மாப்பிள்ளை

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதே குதிரைக் கொம்பு. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை, உலர்த்தித் தேய்க்கும் சூட்டு உருளைக்குள் விடுகிற வேலை. நோய்க்கு ஞாயிறு ஏது? ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிறு வாய்க்கும். அந்த ஒன்றையும் வீட்டில் படுத்துக் கழிக்காமல், நாற்பத்தாறு வயதில் குதிரையேற்றம் பழகக் கிளம்பினாள்.

வீட்டில் சிரிக்காத வாய் இல்லை. "பஸ்ல ஏறவே கைப்பிடியைத் தேடுவ. இதுல குதிரை வேறயா?" என்றார் கணவர். மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தான். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "விழுந்து கால் ஒடிஞ்சா யாரு சமைக்கிறது?" என்று கேட்டார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே இருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூடத்தில் சூப்பர்வைசர் சொல்வதை அவள் கேட்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சொல்வதை அவள் கேட்க வேண்டும். தன் சொல்லைக் கேட்கிற ஒரே ஒரு உயிர், எங்கேயாவது, எப்போதாவது இருந்தால் போதும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

பயிற்சிப் பள்ளியில் கற்றுக்குட்டிகளுக்கென்று ஒரு பழுப்புக் குதிரை வைத்திருந்தார்கள். அதற்கு என்னவோ நல்ல பெயர் உண்டு. ஆனால் எல்லோரும் கூப்பிடுவது மாப்பிள்ளை என்றுதான். காரணம், முறுக்கு. பத்து தடவை தாங்கினால்தான் ஓர் அடி எடுத்து வைப்பார். அவளை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்க வேலியோரப் புல்லுக்குப் போவார். நிறுத்தச் சொல்லிக் கடிவாள வாரை இழுத்தால் கழுத்தை ஓர் ஆட்டு ஆட்டி அவளைச் சேணத்திலிருந்து பாதி பிடுங்கிவிடுவார்.

"கெஞ்சாதீங்கக்கா, சொல்லுங்க" என்பாள் பயிற்சி கொடுத்த பெண். அவளுக்கு இவள் மகன் வயதுதான் இருக்கும். அதட்டலில் மட்டும் மாமியார் வயது.

ஒரு பாடத்தில் படிந்தது அடுத்த பாடத்துக்குள் உடம்பிலிருந்து சுத்தமாகப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து, அதே தொடை நோவு, அதே பயம். இவளும் விடவில்லை. டீ நேரத்தில் அழுக்குத் துணி மூட்டை மேல் கால் பரப்பி உட்கார்ந்து, தலையணை உறையைக் கடிவாள வாராகப் பிடித்துக்கொண்டு, குதிரை துள்ளி ஓடும் தாளத்துக்கு எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பழகினாள். உருளைக்கு மறுபக்கம் துணி மடிக்கிறவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்து அவள் போனபோது மாப்பிள்ளை மாறியிருந்தார். வாரை லேசாகத் தொட்டாலே நின்றார். புல் பக்கம் தலையே திருப்பவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் சாது. ஏறுவதற்கு முன் ஒரு முன்காலை நீட்டி வைத்து, போட்டோ எடுக்கக் காத்திருப்பவர் போல நின்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்ததெல்லாம் வீண் போகவில்லை!

"நான் நில்லுன்னா நிக்குது, தெரியுமா?" என்றாள் வீட்டில்.

"குதிரைதானே? பரவாயில்ல. எங்களை விட்டுடு" என்றார் கணவர்.

அதற்கடுத்த ஞாயிறு, துள்ளு நடை என்கிற மெல்லோட்டம். குதிகாலால் தட்டினாள். மாப்பிள்ளை காதுகளைப் பின்னுக்கு மடக்கி, தொண்டைக்குள் ஏதோ முனகினார். கெஞ்சாதே, சொல்லு. ஓங்கி உதைத்தாள். அவர் ஓடினார். மைதானத்தை ஒரு முழுச் சுற்று, விழாமல், எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து வந்தாள்.

"சூப்பர்க்கா! எவ்வளவு முன்னேற்றம்!" என்று அந்தப் பெண் கை தட்டினாள். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் இவள் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த லீவில் ஒரு பை நிறைய கேரட்டோடு போனாள். லாயத்து வாசலில் மாட்டு டாக்டரின் வண்டி நின்றது. மாப்பிள்ளை உள்ளே படுத்திருந்தார். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குளம்புக்குள்ள எலும்பு இறங்கிடுச்சு" என்றார் டாக்டர். "இனி நிமிர்த்த முடியாது. ஊசி போட்டு அனுப்பிடறதுதான் புண்ணியம். இது ஒரே நாள்ல வந்ததில்ல. மாசக்கணக்கா வலியோட நடந்திருக்கு. முன்காலை நீட்டி நீட்டி நின்னிருக்குமே, யாரும் கவனிக்கலையா?"

"தினமும் நான்தானே சார் பாக்கறேன். எனக்கு எதுவுமே வித்தியாசமாத் தெரியலையே!" என்று பெண் விம்மினாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக வந்த வலி அது. விட்டு விட்டு வந்த ஒரு கண்ணுக்குத்தான் அது பளிச்சென்று தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் இவள். "ஒவ்வொரு தடவையும் மாறிக்கிட்டே வந்தார். நான் ஏதோ கத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த உதை கொடுத்த குதிகால் செருப்புக்குள் கூசியது.

உடலை ஏற்றிப்போக லாரி உள்ளே வர முடியாது; மாப்பிள்ளையை எழுப்பி வாசல் வரை நடத்த வேண்டும். அந்தப் பெண் கயிற்றை இவளிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க பிடிச்சுக்கிறீங்களா? நீங்க சொன்னா கேப்பார்" என்றாள்.

இவள் கயிற்றைப் பிடித்து, "வாங்க" என்றாள். மாப்பிள்ளை தடுமாறி எழுந்தார். ஒவ்வொரு அடிக்கும் தலை ஏறி இறங்க, இழுக்காமலே பின்னால் வந்தார். வழியில் பை சாய்ந்து கேரட் சிதறியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் "நில்லுங்க" என்றாள். நின்றார். டாக்டர் கழுத்தில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றும்வரை அவர் நெற்றி அவள் மார்பில் அழுந்திக் கிடந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் டீவி முன்னால் இருந்தார்.

"என்ன, இன்னிக்கும் உன் குதிரை சொன்னபடி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள். ரோமம் ஒட்டியிருந்த சட்டையைக் கழற்றி ஊறவைக்கப் போனாள்.